கடைசி நடைமேடை வரை

மைக் அக்காவுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளச் சீட்டில் அது இருக்கும். வேறெங்கும் அதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ரயில் நிலையத்தில் வண்டிகளின் வரவையும் போக்கையும் மைக்கில் அறிவிப்பது அவள் வேலை. வெண்கலக் குரல். சின்ன வயதில் வகுப்பில் பேசிய குற்றத்துக்காக டீச்சர் அவளை வெளியே நிறுத்தினால் ஆள்தான் வெளியே நிற்கும், குரல் உள்ளேயே இருக்கும். அந்த வாயை வைத்தே அவள் சோறு தின்னப் போகிறாள் என்று டீச்சர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

எந்த அறிவிப்பையும் இரண்டு தடவை சொல்வாள். முதல் தடவை அவசரக்காரர்களுக்கு. இரண்டாம் தடவை, பையும் பிள்ளையுமாகப் படியேறி மூச்சு வாங்குகிறவர்களுக்காக, நிறுத்தி நிதானமாக. காலையில் மாடியில் இருக்கும் தன் கண்ணாடி அறைக்குள் நுழைந்ததும், முதல் வண்டிக்கு முன்னால், "ஆண்டவா, நான்தான், வந்துட்டேன்" என்பாள். சொல்லாவிட்டால் ஆண்டவனுக்கு ஆள் அடையாளம் தெரியாமல் போய்விடும் என்பதுபோல. கணவர் சின்ன வயதிலேயே கண்ணை மூடி, கைக்குழந்தையோடு தனியாக நின்ற காலத்தில்கூட அந்த வணக்கம் ஒரு நாளும் நின்றதில்லை.

நிறுத்தியது தொண்டையில் வந்த ஒரு கட்டி. ஆபரேஷன் செய்தார்கள். கட்டியோடு வெண்கலமும் போயிற்று, மிஞ்சியது கரகரப்பு. போனை எடுத்தால் கேஸ் கம்பெனிக்காரன் "சொல்லுங்க சார்" என்றான். பாங்கிலிருந்து பேசிய பெண்ணும் "சார்" என்றாள். அதற்கெல்லாம் சிரித்துக்கொண்டாள். கடைசியில் சொந்த நாத்தனாரே, "தம்பி, அண்ணி வீட்டுல இல்லையா?" என்று கேட்டபோதுதான் போனை வைத்துவிட்டு உட்கார்ந்து அழுதாள்.

"எனக்கு நீ அம்மா. அது போதாதா?" என்றாள் மகள்.

"உனக்கு நான் அம்மா. எனக்கு நான் யாருடி?"

விடுப்பில் வீட்டிலிருந்தே சொல்லிவந்த காலை வணக்கத்தையும் அன்றோடு விட்டுவிட்டாள். 'நான்தான்' என்று சொல்ல அவளுக்கே நம்பிக்கை இல்லை.

விடுப்பு முடிந்து வேலைக்குப் போனால், ஸ்டேஷன் மாஸ்டர் புதியவர். சிரித்தால் அபராதம் கட்ட வேண்டும் என்பதுபோன்ற முகம். "இன்னிக்கு ஒரு நாள் பேசிப் பாருங்கம்மா. கடைசி பிளாட்பாரத்துல நிக்கிறவனுக்கும் புரிஞ்சா மைக் உங்களுது. இல்லேன்னா பார்சல் ரூமுக்கு மாத்திடறேன். சம்பளம் குறையாது" என்றார். சம்பளத்தைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. மூட்டைகளோடு பேசியா மிச்சக் காலத்தை ஓட்டுவது?

அவள் இல்லாத நேரத்தில் மைக்கையும் மாற்றியிருந்தார்கள். பழைய மைக்கில் பொத்தானை அழுத்திப் பிடித்துப் பேச வேண்டும்; விரலை எடுத்தால் அணைந்துவிடும். புதியதை ஒரு தடவை அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும், மறுபடி அழுத்தினால்தான் அணையும்.

காலை முழுக்கப் பழைய வெண்கலத்தைத் தொண்டையிலிருந்து இழுத்துப் பார்த்தாள். ஊர்ப் பெயர் பாதி வரும், பாதி உடையும். கெட்டிலும் கையுமாக டீக்காரர் மேலே வந்தார். பழைய சிநேகம், மனதில் பட்டதைச் சொல்லிவிடுவார்.

"கடைசி பிளாட்பாரத்துக்குக் கேட்டுச்சா?" என்றாள்.

"பாதி கேட்டுச்சு. மீதியை நாங்களே போட்டுக்கிட்டோம். ஏன் அக்கா தொண்டையை இந்த இழு இழுக்கறே? கேக்கறவனுக்கே வலிக்குது."

அவர் இறங்கிப் போனார். மதிய வண்டியின் அறிவிப்பும் நடுவிலேயே உடைந்தது. பழைய பழக்கத்தில் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

"ஆண்டவா, இப்போ திருப்திதானா உனக்கு? நீயே கொடுத்தே, நீயே புடுங்கிக்கிட்டே. அந்த ஸ்டேஷன் மாஸ்டர் கடுவன் பூனை மாதிரி கடைசி பிளாட்பாரத்துல காதைத் தீட்டிக்கிட்டு நிக்கிறாரு. அவருக்கு நான் என்னத்தைச் சொல்ல?"

கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சினாள். பிறகு குரல் தணிந்தது.

"சரி, சண்டைக்கு வந்தவ நியாயத்தையும் பேசணும். என் வீட்டுக்காரர் போனப்போ இந்த நாற்காலியில என்னை உக்கார வச்சது நீதான். பிள்ளை காய்ச்சல்ல கிடந்தப்போ பக்கத்து வீட்டம்மாவை அனுப்பி வச்சதும் நீதான். பேச்சே வராமப் போகலாம்னாரு டாக்டர். இப்போ பாரு, உன்கிட்டயே வாயாடிக்கிட்டு இருக்கேன்."

இதைச் சொன்ன பிறகுதான் அது அவளுக்கே உறைத்தது. சிரிப்பு வந்துவிட்டது.

"என்னை சார்ங்கிறவன் சொல்லிட்டுப் போகட்டும். குரல் மாறினா உனக்கு ஆள் தெரியாமலா போயிடும்? ஆண்டவா, நான்தான், வந்துட்டேன்."

கண்ணைத் திறந்தாள். கண்ணாடிக்கு வெளியே டீக்காரர் மூச்சிரைக்க நின்று சிவப்பு விளக்கைக் காட்டிக்கொண்டிருந்தார். கீழே ரயில் நிலையமே அண்ணாந்து பார்த்தது. ஒரு போர்ட்டர் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்காவுக்கு உயிரே போய்விட்டது. பொத்தானை அழுத்தி அணைப்பதற்குள் படிக்கட்டில் காலடி கேட்டது. ஸ்டேஷன் மாஸ்டர்.

"கடைசி பிளாட்பாரத்துல நின்னேன்" என்றார்.

"தெரியும் சார்."

"ஒரு வார்த்தை விடாமக் கேட்டுது. கடுவன் பூனையும் கேட்டுது."

"மன்னிச்சிடுங்க சார்."

"பரவாயில்ல. எங்க வீட்டுலயும் அப்படித்தான் சொல்றாங்க." கடிகாரத்தைப் பார்த்தார். "அடுத்த வண்டி வரப்போகுது, சொல்லுங்க. காலையில எங்களுக்காக ஒரு குரல் போட்டீங்களே, அது வேண்டாம். இப்போ அவர்கிட்ட பேசினீங்களே, அந்தக் குரல்."

அழுத்தினாள். கரகரப்புதான். ஆனால் இழுக்காமல், உடையாமல் வந்தது. வழக்கம்போல இரண்டு தடவை சொன்னாள். கடைசி நடைமேடையிலிருந்து யாரோ கையைத் தூக்கி ஆட்டினார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனார். பார்சல் ரூம் பேச்சை அவர் மறுபடி எடுக்கவே இல்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் போன் அடித்தது. நாத்தனார்தான். "தம்பி, அண்ணி இருக்காங்களா?"

"நான்தான் பேசறேன்" என்றாள் மைக் அக்கா. அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அதனால் இன்னொரு தடவை, நிறுத்தி நிதானமாக, "நான்தான் பேசறேன்" என்றாள்.