அடையாளத்துக்கு வைத்த செருப்பு

நீளம் தாண்டுகிறவர்களுக்கு ஓட்டம் தொடங்கும் இடம் மாறக் கூடாது. அந்த இடத்தில் தரையில் எதையாவது அடையாளமாக வைத்துவிட்டுத்தான் ஓடுவார்கள். எங்கள் ஊர் மைதானத்தில் கல், தண்ணீர் பாட்டில், கைக்குட்டை என்று கையில் கிடைப்பதை வைப்பார்கள். கல்லை யாராவது எத்திவிடுவார்கள். பாட்டில் உருண்டுவிடும். கைக்குட்டை பறந்துவிடும். என் மகளுக்கு என் வலதுகால் செருப்பு. ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை, மழை இல்லாத காலைகளில் எல்லாம், நான் ஒரு காலில் மட்டும் செருப்போடு மணல்குழிக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன்.

அங்கே எனக்கு மூன்று வேலைகள். ஒன்று, அவள் எகிறும் பலகைக்குப் பக்கத்தில் குந்தி, கால் பலகையைத் தாண்டிப் போகிறதா என்று பார்ப்பது. போகாவிட்டால் "சரி" என்பேன், போனால் "போச்சு" என்பேன். இரண்டு, தாண்டிய தூரத்தை அளப்பது. மூன்று, அவள் திரும்பி நடப்பதற்குள் மணலைக் கிளறிச் சமன் செய்வது. இதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு வேண்டியிருக்கவில்லை. சரி, போச்சு, இன்னொண்ணு, போதும். இந்த வார்த்தைகளிலேயே ஒரு காலை முடிந்துவிடும்.

நான் டிப்ளமோ படித்தவள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் அளவு சரிபார்க்கும் பிரிவில் வேலை. செய்து முடித்த பாகம் வரைபடத்தில் சொன்ன அளவுக்குள் இருக்கிறதா, இல்லையா என்று மட்டும் சொல்ல வேண்டும். நன்றாக இருக்கிறது, அழகாக இருக்கிறது என்றெல்லாம் அங்கே யாரும் கேட்பதில்லை. அந்தக் கண்ணைத்தான் மைதானத்துக்கும் கொண்டுபோனேன். பெருவிரல் நுனி ஒரு நூல் வெளியே போனாலும் எனக்குத் தெரிந்துவிடும். மற்ற பிள்ளைகள் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டால் என் மகள் பெருமையாகச் சொல்வாள், "எங்கம்மாவ கேளு, கரெக்டா சொல்லும்."

காலை நேரம் அவளுக்கு வேண்டும் என்பதற்காக இரண்டாம் ஷிஃப்ட்டைக் கேட்டு வாங்கியிருந்தேன். மதியம் கம்பெனி பஸ் ஏறினால் நான் திரும்பும்போது அவள் தூங்கியிருப்பாள். அவள் அப்பாவுக்கு மஸ்கட்டில் வேலை. மாலையில் கீழ்வீட்டு அக்காதான் அவளுக்குச் சோறு போட்டு, கதவைத் தாழ்போட்டாளா என்று பார்த்துக்கொள்வார். ஆக, நானும் அவளும் விழித்த கண்ணோடு சேர்ந்திருந்தது காலையில் மட்டும்தான்.

அக்கா வீட்டில் தறி ஓடுகிறது. விடியற்காலையில் தெருவின் நீளத்துக்குப் பாவு, அதாவது தறியில் ஏற்றப்போகும் பட்டு இழைகளை, இழுத்துக் கட்டியிருப்பார்கள். நாங்கள் ஸ்கூட்டியைக் கிளப்பாமல் ஓரமாக உருட்டிக்கொண்டு போவோம். மகள் பின்னால் பிடித்துக்கொண்டு, "இடிக்காதமா, இடிக்காதமா" என்று வருவாள். முதலில் அவள் என் இடுப்பு உயரம். பிறகு தோள் உயரம். கடைசியில் என் தலைக்கு மேலிருந்து அந்தக் குரல் வந்தது.

தை மாதத்தில் ஒருநாள், பனி இன்னும் விலகாத நேரம். மூன்று தடவை தாண்டிவிட்டு ஓட்டம் தொடங்கும் இடத்துக்கு நடந்தாள். ஓடவில்லை. குனிந்து செருப்பை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து என் காலடியில் வைத்தாள்.

"போட்டுக்கோமா."

"இன்னும் ரெண்டு பாக்கி இருக்குதே."

"போதும்."

போட்டுக்கொண்டேன். செருப்பு நனைந்து ஜில்லென்று இருந்தது.

"நான் கபடிக்குப் போறேன்மா. மிஸ் கிட்ட பேர் குடுத்துட்டேன்."

எனக்குப் பழக்கம் அப்படி. உடனே மனசுக்குள் காரணங்களை வரிசையாக அடுக்கினேன். கால் வலி. மாவட்டப் போட்டியில் நாலாவதாக வந்த ஏமாற்றம். படிப்பு. யாராவது ஏதாவது சொல்லியிருக்கலாம். ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டி இல்லை என்றாள்.

"நீ இன்னாமா, டாக்டர் மாதிரி கேட்டுக்கினே இருக்க?"

"அப்புறம் எதுக்குதான்?"

பெருவிரலால் மண்ணில் ஒரு கோடு கிழித்தாள். "அங்க எல்லாரும் கைய புடிச்சிக்கினு நிக்கறாங்க. ஒருத்தி உழுந்தா இன்னொருத்தி இழுத்து வுடறா. இங்க நான் மட்டும்தானே."

குறையாகச் சொல்லவில்லை. யாரையும் குத்திக் காட்டவும் இல்லை. கேட்டேன், சொன்னாள், அவ்வளவுதான். நான் அவளுக்கு இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். அப்போ நான், என்று கேட்டிருக்கலாம். போவதற்கு முன் மணலைக் கிளறிச் சமன் செய்தேன். அவள் ஸ்கூட்டியில் சாய்ந்தபடி காத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை மஸ்கட்டிலிருந்து அவள் அப்பா ஃபோனில் கேட்டுவிட்டுச் சிரித்தார். "கபடியா? நல்லா சாப்ட சொல்லு அவள. உனக்கும் இனிமே ரெண்டு செருப்பும் ஒண்ணா தேயும்." நானும் சிரித்தேன்.

கபடிப் பயிற்சி பள்ளி விட்ட பிறகு, மாலையில். அவள் மைதானத்தில் இருக்கும் நேரம் நான் கம்பெனியில் இருந்தேன். நான் வீட்டில் இருக்கும் காலையில் அவள் கடைசி நிமிடம் வரை தூங்கி எழுந்து பள்ளிக்கு ஓடினாள். தலை பின்னும்போது பார்த்தால் முழங்கையில் புதிதாக ஒரு சிராய்ப்பு இருக்கும். முன்பெல்லாம் அவள் உடம்பில் இருக்கும் ஒவ்வொரு தழும்பும் எங்கே விழுந்து வந்தது என்று சொல்வேன். இப்போது கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கேட்டால், "தெரியலமா, எதுலயோ" என்றாள்.

அலாரத்தை நிறுத்தாமல் விட்டிருந்தேன். ஒருநாள் எழுந்து, முகம் கழுவி, சாவியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கியும் விட்டேன். அக்கா பாவுக்கு அந்தப் பக்கம் அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தார்.

"இன்னாமா, ஒண்டியா எறங்கற? எங்க அது?"

"தூங்குதுக்கா."

"அப்ப நீ எங்க போற, தாண்டறதுக்கா?"

பாவின் மறுமுனையில் இருந்த அவர் வீட்டுக்காரர் சத்தமாகச் சிரித்தார். பால் வாங்கப் போகிறேன் என்று சொன்னேன். சொன்ன பிறகு போகாமல் இருக்க முடியாது. மைதானம் வரை போனேன். மணல்குழியில் ஒரு நாய் வளைந்து படுத்திருந்தது. சுற்றி யாரும் இல்லை. ஸ்கூட்டியை விட்டு இறங்காமல் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டு, வேண்டாத பால் ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

கபடி விதிகளைப் படித்தேன். எந்தக் கோடு எதற்கு, எப்போது ஆட்டத்தை விட்டு வெளியே போக வேண்டும், எப்போது திரும்ப வரலாம் என்று ஒரு தாளில் படம் போட்டு வைத்துக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை வைத்துக்கொண்டு அவளிடம் சந்தேகம் கேட்டேன். "எக்ஸாமாமா உனக்கு?" என்று சிரித்துவிட்டு இரண்டுக்குப் பதில் சொன்னாள். மூன்றாவதற்குள் அவள் ஃபோன் அடித்தது. கூட விளையாடும் பெண். அறைக்குள் போய் அரைமணி நேரம் பேசினாள். அவள் இவ்வளவு பேசுவாள் என்பதே எனக்குப் புதிது.

முதல் ஷிஃப்ட்டில் ஒரு இடம் காலியாவதாகச் சூப்பர்வைசர் சொன்னார். வேண்டுமானால் திங்கட்கிழமை சொல்லும்மா என்றார். விடியும் முன் கிளம்ப வேண்டும், ஆனால் மாலை நாலு மணிக்கெல்லாம் ஊருக்கு வந்துவிடலாம். பயிற்சி ஆரம்பிக்கும்போது மைதானத்தில் இருக்கலாம். அந்த வாரம் முழுக்க அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்குத் தண்ணீர் கொண்டுபோகலாம். ஐஸ் கொண்டுபோகலாம். ஓரமாக நின்று பார்க்கலாம். அங்கேயும் எனக்கு ஏதாவது வேலை இருக்கும்.

சனிக்கிழமை அவர்களுடைய முதல் போட்டி, மாகறல் தாண்டி ஒரு பள்ளியில். பிள்ளைகள் வேனில் போனார்கள், நான் லீவு போட்டுவிட்டு ஸ்கூட்டியில். களத்தின் கடைசிக் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு செங்கல் கிடந்தது. அதில் உட்கார்ந்தேன். சுண்ணாம்புத் தூளில் போட்ட கோடு என் காலுக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

மகள் இடது மூலையில் நின்றாள். எதிரணிப் பெண் பாடிக்கொண்டே உள்ளே வந்தாள். நம் பிள்ளைகள் கைகோத்தபடி பின்வாங்கினார்கள். மகளின் குதிகால் கோட்டை நோக்கி வந்தது. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கோட்டைத் தொட்டது, தாண்டியது.

"போச்சு!"

கத்தியது நான்தான். கையையும் தூக்கியிருந்தேன்.

கோடு பார்க்க நின்றிருந்த சார் அப்போதுதான் டீ வாங்கத் திரும்பியிருந்தார். என்னைப் பார்த்தார். கலைந்திருந்த சுண்ணாம்பைப் பார்த்தார். விசில் ஊதினார். மகள் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு வெளியே நடந்தாள்.

வெளியே உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தி கேட்டாள், "ஆன்ட்டி, நீங்க எந்த டீமு?"

"அந்த ஸ்கூல்ல சம்பளம் குடுக்கறாங்களா ஆன்ட்டி?" என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். மகள் சிரிக்கவில்லை.

ஆட்டத்தில் தோற்றார்கள். அந்த ஒரு புள்ளி போகாமல் இருந்திருந்தாலும் தோற்றிருப்பார்கள். கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை.

முடிந்ததும் பி.டி. மிஸ் என்னிடம் வந்தார். அவருக்குக் கோபம் இல்லை. "அம்மா, இன்னா கண்ணுமா உங்களுது! பிராக்டிசுக்கு வந்து எங்களுக்கு லைன் பாக்கறீங்களா? நான் ஒருத்தியே ஓடிக்கினு இருக்கேன்."

வருகிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். மகள் முந்திக்கொண்டாள்.

"வேணாம் மிஸ். அம்மாவுக்கு ஷிஃப்ட் இருக்குது."

ஷிஃப்ட் மாறப்போகிறது என்று அவளுக்குத் தெரியும். முந்தைய நாள்தான் சொல்லியிருந்தேன். "ஆமா மிஸ், ஷிஃப்ட்" என்றேன் நானும்.

திரும்பும்போது அவர்கள் வேனுக்குப் பின்னாலேயே ஸ்கூட்டியில் வந்தேன். உள்ளே பாட்டும் கைதட்டலுமாக இருந்தது. தோற்றுவிட்டுப் போகிறவர்கள் மாதிரி இல்லை. ஒரு இடத்தில் வேன் பஸ்ஸை முந்திப் போனது. எனக்கு முந்த முடியவில்லை, பஸ்ஸுக்குப் பின்னாலேயே வந்தேன்.

வீட்டில் சாப்பிடும்போதுதான் பேசினாள்.

"நெஜமாவே வெளிய போச்சாமா?"

"போச்சு."

"எவ்ளோ?"

விரல்களை வைத்துக் காட்டினேன். நம்பினாள். அதில் அவளுக்கு எப்போதுமே சந்தேகம் வந்ததில்லை.

"வாய் தானா சொல்லிடுச்சுடி."

"தெரியுதுமா." சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "கோடு பாக்கறதுக்கு அங்க ஆளுங்க இருக்காங்க. நீ சும்மா வா. வந்து சும்மா உக்காரு."

சும்மா எப்படி உட்காருவது என்று கேட்கத் தோன்றியது. குழம்பு இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்டேன்.

திங்கட்கிழமை முதல் ஷிஃப்ட்டுக்குச் சரி சொன்னேன். பயிற்சிக்குப் போவதற்கு இல்லை. அவள் வீடு வரும்போது விளக்குப் போட்டிருக்க வேண்டும், அதற்குத்தான். இப்போது காலையும் இல்லை. அவள் தூங்கும்போது கிளம்பிவிடுகிறேன், அக்காதான் எழுப்பிவிடுகிறார். மாலையில் தோழிகள் தெருமுனை வரை வருகிறார்கள். அங்கே நின்று இன்னும் கொஞ்சம் பேசுகிறார்கள். சிரிப்புச் சத்தம் மாடி வரை கேட்கும், பேச்சு கேட்காது. அதற்குள் தோசைக்கல்லைக் காயவைப்பேன். மேலே வந்தபின் சில நாள் எல்லாவற்றையும் சொல்கிறாள். சில நாள் "பசிக்குதுமா" என்பதோடு சரி.

இரண்டாவது போட்டி அவர்கள் பள்ளியிலேயே நடந்தது. நான் வாசலில் நுழைந்ததும் ஓடி வந்தாள். "அதோ, அந்த வேப்பமரத்தாண்ட உக்காரு" என்று கையைக் காட்டிவிட்டுத் திரும்பி ஓடினாள். போய் மரத்தடிச் சிமெண்டுக் கட்டையில் உட்கார்ந்தேன். அங்கிருந்து ஒரு கோடும் தெரியவில்லை. முன்னால் உட்கார்ந்திருந்தவர்களின் தலைகளுக்கு மேல் ஆடுகிறவர்களின் முகங்கள் மட்டும் தெரிந்தன.

அவள் நீளம் தாண்டியதை என் அளவுக்கு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் தாண்டும்போது அவள் முகம் எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால், எனக்குத் தெரியாது. நான் குனிந்து காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கபடியில் அவள் முகம் ஓயாமல் அசைகிறது. பக்கத்தில் நிற்பவளிடம் ஏதோ கத்துகிறாள். கீழுதட்டைக் கடித்துக்கொள்கிறாள். யாராவது பிடிபட்டால் வாயை முழுக்கத் திறந்து சிரிக்கிறாள். கடைவாயில் இன்னும் சரியாக முளைக்காத பல்கூடத் தெரிகிறது. ஒரு கையை இவளிடமும் ஒரு கையை அவளிடமும் கொடுத்துவிட்டு வளைந்து நிற்கிறாள். அவர்கள் ஜெயித்துக்கொண்டிருந்தார்கள் என்று நினைக்கிறேன். புள்ளிப் பலகை எனக்கு மறைந்திருந்தது. அவள் ஒரு தடவையும் மரத்துப் பக்கம் திரும்பவில்லை.

வலது காலில் எறும்பு ஊர்ந்தது. குனிந்து பார்த்தேன். எப்போது கழற்றினேன் என்று தெரியவில்லை, செருப்பு தனியாக முன்னால் கிடந்தது. காலால் இழுத்துப் போட்டுக்கொண்டு நிமிர்வதற்குள் ஒரு பெரிய சத்தம் எழுந்தது. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். என்ன நடந்தது என்று பார்க்கவில்லை. நானும் எழுந்து தட்டினேன்.