பிரிக்க முடியாத பொட்டலம்

மகள் தைப்பூசத்துக்குப் பத்துமலை முருகன் கோவிலுக்கு நடக்கப் போகிறாள். செனாவாங் வீட்டுக் கூடம் முழுக்க அவள் சாமான்தான்: பவர் பேங்க், பிளாஸ்டர், மூன்று ஜோடி காலுறை. அடையாள அட்டையை எடுத்துக்கொண்டாயா என்று கேட்டேன். “போன் கவர்ல இருக்குலா மா,” என்றாள், தலை நிமிராமல். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது. அத்தனை அலட்சியம் எங்களுக்கு வாய்த்ததில்லை.

அவள் பையிலிருந்து கற்பூர வாசம் வந்தது. அது போதும், நான் பழையபடி ரப்பர் தோட்டத்து வீட்டில் அம்மாவோடு மூட்டை கட்ட உட்கார்ந்துவிடுவேன். அம்மா பால்மரம் வெட்டுகிறவள், மரத்தைக் கீறிப் பாலெடுக்கிற வேலை. இந்த நாட்டிலேயே பிறந்தவள்தான், ஆனால் பிறப்பைப் பதியாமல் விட்டுவிட்டதால் குடியுரிமை அட்டை கிடையாது. இருந்த ஒரே சாட்சி, தோட்ட ஆபீசில் கணக்கெழுதிய பழைய கிராணி, இவள் இங்கே பிறந்தவள் என்று எழுதிக் கொடுத்த கடிதம். அட்டை கிடைக்க வேண்டும் என்றுதான் அவளும் பத்துமலைக்கு நடப்பதாக வேண்டிக்கொண்டாள். வழியில் போலீஸ் கேட்டால் கடிதம் வேண்டும்; கொண்டுபோனால் மழையில் நனையும். நகல் எடுக்கலாமே என்பீர்கள். நகலை எவன் நம்புவான் என்பது அம்மா கட்சி. துணைக்கு நானும் ஃபேக்டரியில் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

மாற்றுத்துணி, தைலம், ரொட்டி எல்லாம் ஒரு நிமிட வேலை. கடிதத்துக்குத்தான் ஒரு மத்தியானம் முழுக்கப் போனது. ஏழு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, மழைத்தண்ணீர் பால்கோப்பையில் இறங்காமல் மரத்தில் பிளாஸ்டிக் ஒட்டுவார்களே, அந்தக் கறுப்புப் பசையால் அடைத்தாள். மரத்துக்குத் தாங்குவது தாளுக்குத் தாங்காதா என்றாள். நானும் பெரிய புத்திசாலி மாதிரி இன்னொரு பூச்சு பூசினேன்.

நீலாய் தாண்டியதும் ஒரு மலாய்ப் போலீஸ்காரர் நிறுத்தி அம்மாவிடம் அடையாள அட்டை கேட்டார். பொட்டலத்தை எடுத்தோம். பிரிந்தால்தானே? நகத்தால் கீறினேன், பல்லால் கடித்தேன், உதடெல்லாம் கறுப்பு. அம்மாவுக்கு முகம் வெளிறிப்போனது. “இந்தா எடுத்துருவேன் சார், எடுத்துருவேன்,” என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டிருந்தாள். அவரும் வாங்கி இழுத்துப் பார்த்தார். அவர் விரலும் ஒட்டிக்கொண்டது. கடைசியில் சிரித்துவிட்டார். “சுடாலா மக்சிக், ஜாலான்,” போதும்மா, நடங்கள் என்று அனுப்பிவிட்டார்.

காஜாங் வரை அம்மா விறுவிறுவென்று நடந்தாள். பிறகு ரோட்டோரம் உட்கார்ந்து இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவ்வளவு நிம்மதியாக நான் அதற்குமுன் சிரித்ததில்லை.

அட்டை பல வருடம் கழித்து வந்தது. முருகன் கொடுத்தானோ, அம்மா அரசாங்க ஆபீஸ் வரிசைகளில் நின்றதற்குக் கிடைத்ததோ, தெரியாது.

தோட்டம் இப்போது இல்லை, செண்டாயான் என்ற புது வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. போன மாதம் அங்கே ஒரு கல்யாண வீட்டைத் தேடினோம். முப்பது வருடம் மரம் வெட்டிய இடத்தில் அம்மாவுக்கு எந்தப் பக்கம் எது என்று புரியவில்லை. நான் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தபோது அவள் காரைவிட்டு இறங்கினாள். சாலையோரம் நின்ற போலீஸ்காரரிடம் நேராகப் போனாள். பேசினாள். திரும்பி வந்து கதவைச் சாத்தினாள்.

“லெஃப்ட்ல போவணுமாம்,” என்றாள்.