புருல் வெட்டாத லைன்

மலையூரான நாரினில் புருலின் முகத்தைவிடக் குரல்தான் பிரபலம். இருபத்தாறு வருடம் தொலைபேசி நிலையத்தில் வெளியூர் இணைப்பு போட்டவள். பேச்சுக்கு நடுவே வந்து, "உங்க நேரம் முடிஞ்சுது, முடிச்சுக்குங்க" என்பாள். கல்யாண விருந்தில் யாராவது வாழ்த்துரையை இழுத்தால், பின்வரிசையிலிருந்து ஒருவர் அவள் குரலில் அதையே சொல்வார். பந்தியே சிரிக்கும். ஆனால் சொல்லாமல் அவள் ஒரு லைனையும் வெட்டியதில்லை. மேலதிகாரி கத்தினாலும் சரி, மலையில் பனிப்புயல் அடித்தாலும் சரி.

அவள் இறந்த நாற்பதாம் நாள் காலை, மகள் சோல்போன் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து வந்து இறங்கினாள். அவளுக்கும் கம்பிகளோடுதான் வேலை. இணைய வலையமைப்புப் பொறியாளர். அடுப்படியில் அம்மாவின் தங்கை கலீச்சா எண்ணெயில் போர்சோக் என்னும் மாவுருண்டைகளைப் பொரித்துக்கொண்டிருந்தாள். அந்த வாசனை இறந்தவர்களைப் போய்ச் சேரும் என்பார்கள்.

அம்மாவின் அறையில், பூவேலை செய்த துணிக்கடியில், பழைய கம்ப்யூட்டர் உறுமிக்கொண்டிருந்தது.

"இதை இன்னும் அணைக்கலையா, தாயெஜே?" என்று சித்தியைக் கேட்டாள்.

"தொடாதே, கிஸிம், மகளே! உங்கம்மா வந்திருக்கா. அந்தப் பெட்டியில விளக்கு எப்படித் துடிக்குது பாரு. ஆளில்லாம தானா ஓடுமா?"

"வந்தவ கம்ப்யூட்டர்லதான் உட்காருவாளாக்கும்?"

"பின்னே எங்கே உட்காருவா? உன் மூஞ்சியை அவ பார்த்ததெல்லாம் அதுலதானே?"

சோல்போன் நாற்காலியை இழுத்தாள். உட்கார்ந்தாள். இணைப்புகளின் பட்டியலைத் திறந்தாள்.

லிஸ்பன். லிமா. லாகோஸ். ஹனோய். வரிகள் நிற்காமல் ஓடின. திரையில் தெரியாமல் உள்ளே பக்கங்கள் திறந்தன; விளம்பரங்கள் ஓடின; இல்லாத ஒரு விரல் அவற்றை அழுத்தியது. பிள்ளைத் தள்ளுவண்டி, முடிச்சாயம், பனிக்கால டயர். ஏதோ ஒரு நிறுவனம் இந்த வீட்டை யாருக்கும் தெரியாமல் தன் வலையில் கோத்திருந்தது, இதுபோல லட்சக்கணக்கான வீடுகளோடு. ஒவ்வொரு அழுத்தலும் மனிதக் கண் பார்த்ததாகக் கணக்கு. அந்தக் கணக்கில் புருல் சாகவேயில்லை.

கூடவே இதையெல்லாம் செய்யும் நிரல் கோப்பின் தேதியும் கண்ணில் பட்டது. மூன்று வருடத்துக்கு முன், அம்மாவின் முகம் பார்த்துப் பேச வேண்டுமென்று, இலவசமாகக் கிடைத்த ஒரு நிரலை பிஷ்கெக்கிலிருந்தபடியே இதில் ஏற்றியது அவள்தான். நிபந்தனைகளைப் படிக்காமல் 'சம்மதம்' அழுத்தியதும் அவள்தான்.

"அம்மா ஏன் இதை அணைக்கவே இல்லை?" என்றாள். "எத்தனை தடவை சொன்னேன்!"

"அணைக்கவா? துணியைத் துவைக்க எடுத்தாக்கூட ஒயரை அசைக்க விடமாட்டா. 'லைன்ல ஆள் இருக்கு கலீச்சா, நடுவுல வெட்டினா பாவம்'னுவா. நான் பைத்தியம்னு திட்டுவேன்."

சோல்போனின் கை விசைப்பலகைமேலேயே நின்றுவிட்டது. துடிக்கும் விளக்கைப் பார்த்தே அம்மா கண்டுபிடித்திருக்கிறாள். பொறியாளரான மகளுக்குத் தெரியாதது, தொலைபேசி நிலையத்தில் ஒயர் சொருகிய கைக்குத் தெரிந்திருக்கிறது: தன் வீட்டு வழியாக யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள். யாரென்று கேட்கவில்லை. வழிவிட்டாள். பிஷ்கெக்கைத் தாண்டாதவளின் மேசையைக் கடந்து உலகமே மூன்று வருடம் போய் வந்திருக்கிறது. பட்டியல் ஓடிக்கொண்டே இருந்தது. சோல்போன் பார்த்துக்கொண்டே இருந்தாள். இத்தனை பெரிய திருட்டும், இத்தனை பெரிய மரியாதையும், ஒரே பூந்துணிக்கடியில்.

"இது அம்மா இல்லை, தாயெஜே. அம்மா பேர்ல ஒரு கம்பெனி நடிக்குது."

கலீச்சா தட்டோடு வாசலில் நின்றாள். "அணைச்சா அவ போயிடுவாளா?"

"தெரியலை."

பட்டியலில் ஒரு இடைவெளி வரட்டும் என்று சோல்போன் காத்திருந்தாள். வரவில்லை. ஹனோய் முடிவதற்குள் லிமா வந்தது.

"சொல்லாம வெட்டினே, அவ உன்னைச் சும்மா விடமாட்டா" என்றாள் கலீச்சா.

சோல்போன் ஒயரைப் பிடித்தாள். கம்ப்யூட்டர் பக்கம் குனிந்தாள்.

"உங்க நேரம் முடிஞ்சுது," என்றாள். "முடிச்சுக்குங்க."

தட்டிலிருந்து போர்சோக் இரண்டு தரையில் உருண்டன. அச்சு அசல் புருலின் குரல்.

சோல்போன் ஒயரை உருவினாள்; விளக்கு இரண்டு முறை துடித்து நின்றது. அடுப்படியில் எண்ணெய் பொரியும் சத்தம் அப்போதுதான் அந்த அறைக்குள் கேட்டது.