இன்னும் ஒரு தட்டு

பாளையங்கோட்டையில் நான் இன்ஜினியராக நிற்கும் கட்டடத்தில் இன்று ஈர ஆற்றுமணல் கொட்டினார்கள். அந்த வாசனை என்னை ஸ்ரீவைகுண்டத்துப் படித்துறைக்குக் கீழே, லாரிகள் எப்போதோ அள்ளிப் போய்விட்ட மணல்திட்டுக்கு இழுத்துப் போனது. குளிப்பவர்கள் தவறவிட்ட பொன்னைத் தேடி, அப்பா அங்கே நாளெல்லாம் மரத்தட்டைச் சுழற்றிச் சுழற்றி மணல் அரிப்பார். மினுங்குவதெல்லாம் காக்காப்பொன்னாகவே இருக்கும். திருப்பூருக்கு மூட்டை கட்டிய அன்றும் ஆற்றில் இறங்கிவிட்டார்.

“ஊரே பொழைக்கப் போவுது, நீங்க ஆத்தக் கட்டிக்கிட்டு அழுதீய!” என்று கரையிலிருந்து கத்தினாள் அம்மா.

“ஏளா, பைய இரு, இன்னும் ஒரு தட்டு அலசிட்டு வாரேன்.”

அந்தத் தட்டில் ஒரு மூக்குத்தி கிடைத்தது. அம்மா மூட்டையைப் பிரித்தாள். அதன் பிறகு நாங்கள் எங்கும் போகவுமில்லை, அப்பாவுக்கு வேறொன்றும் கிடைக்கவுமில்லை.

“என்ன சார் தேடுதீய?” என்று கொத்தனார் கேட்டபோதுதான், மணலை அளைந்துகொண்டிருந்த என் கையைப் பார்த்தேன்.