தண்ணீர் விட்ட முலாம்பழம்

எங்கள் வாய்க்கால் கரையில் ஸப்தாயின் முலாம்பழத்தை மிஞ்சிய பழம் கிடையாது. கோயில் பூசாரியும் ஓடக்காரனும் அவனிடம்தான் வாங்குவார்கள். காய் பழுக்கத் தொடங்கியதும் பாத்தியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட மாட்டான். விட்டால் இனிப்பு போய்விடும் என்பான்.

அவன் முழுக்குக்காரர்கள் கூட்டத்தைச் சேர்ந்தவன். அவர்கள் தாங்களும் ஆற்றில் முழுகுவார்கள், சாப்பிடும் காய்கனியையும் ஓடுகிற தண்ணீரில் முழுக்கித்தான் எடுப்பார்கள். ஸப்தாய் விற்கும் காயையும் முழுக்கித்தான் கொடுப்பான். முழுக்காத எதுவும் அவன் வேலியைத் தாண்டாது. பக்கத்துத் தோட்டத்து தேனக், நெருப்பைக் கும்பிடுகிறவள், தண்ணீரும் புனிதம், அதில் எதையும் போடக் கூடாது என்று சண்டைக்கு வருவாள்.

"உன் வெள்ளரிக்கா எங்க தண்ணிய அழுக்காக்குது!"

"என் வெள்ளரிக்கா தினமும் குளிக்குதும்மா. நீ எப்ப குளிச்சே?"

அந்த நாட்களில் எங்கள் பக்கம் வருகிற ஒவ்வொரு படகிலும் ஒரு புது மார்க்கம் வந்து இறங்கியது. ஸப்தாயின் தம்பி அனோஷ் அப்படி வந்த ஒளிக்காரர்களோடு போய்த் துறவியாகிவிட்டான். செடிகொடிக்குள் ஒளி சிறைப்பட்டிருக்கிறது, பறித்தால் அதற்கு வலிக்கும், தண்ணீரில் அமுக்கினால் தண்ணீருக்கும் வலிக்கும் என்பார்கள். அவர்கள் துறவிகள் எதையும் பறிப்பதில்லை. அதே மார்க்கத்துக் குடும்பஸ்தர்கள் பறித்துக் கொடுத்தால் சாப்பிடுவார்கள். அவன் போன நாளிலிருந்து அண்ணன் தம்பிக்குள் பேச்சில்லை.

ஒரு கோடையில் அனோஷ் காய்ச்சலோடு வந்து ஸப்தாயின் வேலியோரம் விழுந்தான். ஊரில் நோயாளிகளைப் பார்க்கிறவள் நான். ஸப்தாய் என்னைக் கூப்பிட்டான். இருவருமாக அவனைத் தூக்கி நாணல் கொட்டகையில் கிடத்தினோம். நாக்கு வறண்டு வெடித்திருந்தது. தோலைக் கிள்ளினால் மடிப்பு அப்படியே நின்றது. குடித்த தண்ணீரெல்லாம் வெளியே வந்தது.

"முலாம்பழம் கொடு, தங்கும்" என்றேன்.

ஸப்தாய் ஓடிப்போய் ஒன்றைப் பறித்து, வாய்க்காலில் முழுக்கிக் கொண்டுவந்தான். அனோஷ் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"பறிச்சே, முழுக்கினே. ரெண்டும் பாவம்ணா. எங்க ஆளுங்க பறிச்சுத் தந்தா சாப்பிடுவேன்."

"உங்க ஆளுங்க அக்கரையில இருக்காங்க. இந்தக் காத்துல எவன்டா ஓடம் விடுவான்?"

"அப்ப வேண்டாம்."

"முழுக்காத பழத்தை என் கையால தர மாட்டேன். தம்பிக்கு அழுக்கையா ஊட்டுவேன்?"

"ரெண்டு பேரும் நிறுத்துங்க" என்றேன். "நாளைக்குள்ள இவன் வயித்துல ஏதாவது தங்கலேன்னா குழி தோண்டணும். அதை யார் முறைப்படி தோண்டறதுன்னு அப்புறம் சண்டை போடுங்க."

ஸப்தாய் வெளியே போய்ப் பாத்திகளைப் பார்த்தபடி உட்கார்ந்தான். பிறகு எழுந்து மடையைத் திறந்துவிட்டான். பழுத்து நிற்கிற பாத்தியில்!

"ஏய், புத்தி கெட்டுப்போச்சா?" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து தேனக் கத்தினாள்.

அவன் காதில் விழவில்லை. பொழுது சாயும்வரை தண்ணீர் ஏறி, பழங்களின் தலைக்கு மேல் ஓடியது. நன்றாகக் கனிந்த ஒன்று காம்பை விட்டுக் கழன்று மிதந்து வந்தது. அதை இரண்டு கையாலும் ஏந்தி உள்ளே கொண்டுவந்தான்.

"ஓடற தண்ணியே வந்து முழுக்கிடுச்சு, நான் அமுக்கலை. காம்பு தானா விட்டுச்சு, நான் பறிக்கலை. சரிதானேக்கா?"

"என்னை ஏன் கேக்கறே? திங்கிறவனைக் கேளு" என்றேன்.

அனோஷ் பழத்தையே பார்த்தான். பிறகு என் கையிலிருந்த கத்தியைப் பார்த்தான்.

"அறுக்கிற பாவம் என்னோடது. வாயைத் திற" என்றேன்.

சாப்பிடுமுன் அவர்கள் சொல்லும் வார்த்தையை முனகினான்: "நான் உன்னைப் பறிக்கவில்லை."

"நானும்தான்" என்றான் ஸப்தாய்.

முதல் துண்டு தங்கியது. கொஞ்ச நேரம் பொறுத்து இரண்டாவதைக் கொடுத்தேன். அதுவும் தங்கியது. மூன்றாவதை மென்றபோது அனோஷ் முகத்தைச் சுளித்தான்.

"சப்புன்னு இருக்குண்ணா."

"பாத்தி முழுக்க சப்புன்னுதான்டா இருக்கும்! யாரால?"

அனோஷ் வெடித்த உதட்டோடு சிரித்து, இன்னொரு துண்டுக்குக் கை நீட்டினான்.

காற்று அடங்கியதும் நடந்தே படகுத்துறைக்குப் போனான். அந்தக் கோடை முழுவதும் பழம் வாங்க வந்தவர்களிடம் ஸப்தாய் திட்டு வாங்கினான். அடுத்த வருடத்திலிருந்து ஓரத்துப் பாத்தி ஒன்றுக்கு மட்டும் கடைசிவரை தண்ணீர் விட்டான். அனோஷ் கோடைதோறும் வருவான். இன்னும் சப்பென்றுதான் இருக்கிறது என்பான், தோலைத் தவிர எதையும் மிச்சம் வைக்க மாட்டான்.