காற்று திரும்பிய நாள்

ஆவுடையப்பன் ஏசி மெக்கானிக், பயந்த மனிதர். தமிழும் இந்தியும் கலந்து பேசும் லம்பா லைன் பகுதியில் அவரைத் தெரிந்தவர்கள் இந்த இரண்டையும் சேர்த்துத்தான் சொல்வார்கள். இருபத்தாறு வருடத் தொழிலில், மெயின் சுவிட்சை அணைத்தோமா என்று மூன்று தடவை போய்ப் பார்க்காமல் அவர் ஒரு கம்பியைத் தொட்டதில்லை. கேலி செய்தால், "பயந்ததாலதான்வே இன்னும் கை ரெண்டும் இருக்கு" என்பார்.

அப்படிப்பட்டவர் பயப்படாமல் செய்த ஒரே வேலை, பஜார் மாடிப் படிப்பகத்தில் செய்தது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் முப்பது பிள்ளைகள் அங்கே ஏசி அறையில் கதவடைத்து உட்கார்ந்திருப்பார்கள். மதியத்துக்குள் பாதிப் பேர் தூங்கி விழுவார்கள். ஜூனில் அவர் ஒரு சென்சார் பெட்டி மாட்டினார். மூச்சு விட்டு விட்டு அறையில் கரியமில வாயு கூடினால் சிவப்பு எரியும். பின்சுவர் விசிறி தானாக ஓடி வெளிக்காற்றை இழுக்கும். தெளிந்ததும் பச்சை எரியும். பின்சுவருக்குக் கீழே பெட்ரோல் ஜெனரேட்டர் இருந்தது. அதையும் ஓடவிட்டு விசிறி முன்னால் மூக்கை நீட்டிப் பார்த்தார். துளி வாசனை இல்லை. தென்மேற்குக் காற்று புகையைச் சுவரைவிட்டு அப்பால் அடித்துக்கொண்டு போனது. அங்கேயே படிக்கும் மகள் கோமதியிடம், "பச்சை எரிஞ்சா நல்ல காத்து. நிம்மதியாப் படி" என்றார்.

நவம்பரில் ஒரு நாள் காலையிலேயே கரண்ட் போனது. பதினொன்றரைக்குப் பக்கத்து ஹோட்டலில் ஜெனரேட்டரைப் போட்டார்கள். புகை நேராக ஆவுடையப்பனின் கடைக்குள் வந்தது. ஐந்து மாதமாக வராத புகை. எரிச்சலோடு கதவைச் சாத்தப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். காற்று வடகிழக்குக்குத் திரும்பியிருந்தது. வருடா வருடம் திரும்புகிற காற்றுதான். தெரிந்ததைத்தான் மனிதர் யோசிக்காமல் விட்டிருக்கிறார்.

படிப்பகத்தில் காலையிலிருந்தே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கும். புகை பின்சுவரில் மோதும். விசிறி அதை உள்ளே இழுக்கும். அந்தப் பெட்டிக்குக் கரியமில வாயு மட்டும்தான் தெரியும்; புகையில் வரும், ஆளைக் கொல்லும் கார்பன் மோனாக்சைடைக் கண்டுபிடிக்கத் தெரியாது.

கோமதிக்குப் போன் போட்டார். அங்கே போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். வாசலில் இருக்கும் சுதாகரும் எடுக்கவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வழியெல்லாம் முப்பது பிள்ளைகள் என்று அவர் நினைக்கவேயில்லை. கோமதி, கோமதி என்றே அடித்துக்கொண்டார். அதற்காகப் பின்னால் வெட்கப்பட்டார்.

மாடிப்படி அடியில் சுதாகர் டீ குடித்துக்கொண்டிருந்தான். "க்யா ஹுவா அண்ணே?" என்ன ஆச்சு என்று இந்தியில் கேட்டான்.

"ஜெனரேட்டர பந்த் கர். ஜல்தி."

சீக்கிரம் அணைக்கச் சொல்லிவிட்டு மேலே ஓடிக் கதவைத் திறந்தார். சத்தமே இல்லை. பெட்டியில் பச்சை எரிந்தது. பிள்ளைகள் மேஜை மேல் தலை சாய்த்துக் கிடந்தார்கள். செத்துவிட்டார்கள் என்றே நினைத்தார். யாரோ முனகினார்கள். அந்தச் சத்தம் கேட்டுத்தான் அவருக்கு உயிர் வந்தது. நாற்காலியைத் தூக்கி ஜன்னல் கண்ணாடிகளை உடைத்தார். ஜெனரேட்டரை அணைத்துவிட்டு வந்த சுதாகரும் அவரும் ஒவ்வொருவராக வராந்தாவுக்கு இழுத்து வந்தார்கள். கோமதி பதினொன்றாவதாக வந்தாள்.

நாலு பேரை ஆம்புலன்ஸ் ஏற்றிக்கொண்டு போனது. மற்றவர்கள் வாந்தி எடுத்துத் தேறினார்கள். நாலு பேரும் கண் விழித்துவிட்டார்கள் என்று மாலையில் படிப்பக வராந்தாவுக்குச் செய்தி வந்தது. அதற்குப் பிறகுதான் கோமதி அப்பாவிடம் சொன்னாள்:

"யப்பா, அந்த நாலு பேரும் அப்பவே தலைய வலிக்கி, வெளிய போவோம்னு எந்திச்சாங்க. பச்சைதான எரியுதுன்னு நாந்தான் உக்கார வச்சேன்."

யாரிடமும் சொல்லாதே என்று அவர் வாய்வரை வந்துவிட்டது. தனக்கு இப்படியும் தோன்றுமா என்று அவருக்கே பயமாக இருந்தது. பக்கத்தில் சுதாகர் நிற்பதைப் பார்த்துவிட்டு, அவனுக்கும் கேட்கும்படி சொன்னார்:

"நீ உக்கார வைக்கலம்மா. நாந்தான் வச்சேன்."