சும்மா வைத்திருந்தாலும் இறங்கிவிடும்

பேட்டரி வாங்க யாரும் சந்தோஷமாக வருவதில்லை. வீட்டில் ஏதோ ஒன்று நின்றுபோன பிறகுதான் வருகிறார்கள். ராஜகீழ்ப்பாக்கம் சிக்னல் அருகே ஓர் எலக்ட்ரிகல் கடையில், பேட்டரியும் டார்ச்சும் இருக்கும் கவுன்டரில் ஒரு வருடத்துக்கு மேலாக நிற்கிறேன். எங்கள் வீட்டில் முதலில் டிகிரி வாங்கியவள் நான், எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங். கல்லூரியிலேயே ஒரு கம்பெனி என்னைத் தேர்ந்தெடுத்து ஆஃபர் லெட்டரும் தந்தது. ‘சேரும் தேதி பின்னர் தெரிவிக்கப்படும்’ என்பது அதன் கடைசி வரி. அதே வரியை நம்பி மெயிலைத் திறந்து திறந்து மூடும் உங்களுக்கு, நான் ஏன் இதையெல்லாம் எழுதுகிறேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

விற்ற பிறகு சொல்

முதல் வாரம். ஒருவர் வந்து, என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, “பசங்க யாரும் இல்லையாம்மா?” என்றார். நான்தான் என்றேன். டிவி ரிமோட்டுக்கும் சுவர்க் கடிகாரத்துக்கும் சார்ஜ் போடுகிற பேட்டரி கேட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. அவை இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இழுக்கும், சாதாரணப் பேட்டரியே மாதக்கணக்கில் வரும், பொம்மைக் கார், மைக் மாதிரி அடிக்கடி தீர்ந்துபோகும் சாமான்களுக்குத்தான் சார்ஜ் பேட்டரி கட்டுப்படியாகும் என்று சொல்லிவிட்டேன். அவர் சாதாரண பென்சில் பேட்டரி மூன்று வாங்கிக்கொண்டு போனார்.

கடைக்காரர் குமார் அண்ணா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குக் கோபம் வராது, அதுதான் பயமே. “உண்மைய சொல்லும்மா, வேணாங்கல. வித்துட்டு சொல்லு.”

தெரிய வாணாமா

திருநீர்மலைப் பக்கத்து ஆட்டோக்காரர் ஒருவர் பிளாஸ்டிக் பையில் சார்ஜரைக் கொண்டுவந்து கவுன்டரில் கொட்டினார். உள்ளே நான்கு சாதாரணப் பேட்டரிகள், ஒழுகி, வெள்ளையாகப் பூத்துப்போய். “இதையெல்லாம் சார்ஜ் பண்ணக் கூடாதுண்ணா. சூடாகி ஒழுகும், வெடிக்கக்கூடச் செய்யும். மேலயே எழுதியிருக்கே” என்று காட்டினேன். எறும்பைவிடச் சின்ன எழுத்து. அவர் கையை நீட்டித் தூரமாகப் பிடித்துப் பார்த்தார், கிட்டே கொண்டுவந்து பார்த்தார்.

“சார்ஜர்னு நீங்கதான பேர் வெச்சி வித்துகினு கீறீங்க? எதுக்கு ஏத்தணும், எதுக்கு ஏத்தக் கூடாதுன்னு அதுக்கே தெரிய வாணாமா?”

ஐந்து பத்து

இது வாடிக்கையாளருக்கு நடந்ததல்ல, எங்கள் வீட்டில் என்னால் நடந்தது. அம்மா பள்ளிக்கரணைப் பக்கம் ஓர் ஐடி கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கிறாள். எனக்கு ஆஃபர் தந்ததும் அதே கம்பெனிதான். விடியும்போதே வேன் வந்துவிடும்.

எங்கள் வீட்டில் ரிமோட்டில் களைத்துப்போன பேட்டரி கடிகாரத்துக்குப் போகும். அங்கே இன்னும் கொஞ்ச காலம் உழைக்கும். கடிகாரம் பின்தங்க ஆரம்பித்தால் மாற்றிவிடுவோம். இந்த ஏற்பாட்டைக் கெடுத்தது என் படிப்பு. கல்லூரி ப்ராஜெக்டில் மிஞ்சிய பழைய சார்ஜ் பேட்டரி ஒன்றைக் கடிகாரத்தில் மாட்டினேன். சாதாரணப் பேட்டரி சோர்ந்து சோர்ந்து அடங்கும். சார்ஜ் பேட்டரி கடைசிவரை ஏறக்குறைய ஒரே தெம்பில் ஓடிவிட்டுப் பட்டென்று நின்றுவிடும். இதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். ஒரு நாள் காலை ஐந்து பத்துக்கு அது நின்றது. அம்மா அந்த ஐந்து பத்தை நம்பி நிதானமாகத் தலை வாரிக்கொண்டிருந்தாள். வேன் போயேவிட்டது.

பஸ் மாறிப் போய்ச் சேர்ந்து சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். சாயங்காலம் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவள் யோசனை வேறு எங்கோ இருந்தது. “நாலாவது மாடில ஜன்னலோரம் ஒரு சீட் காலியா இருக்குடி. அங்கேந்து பாத்தா தண்ணில பறவைங்க நிக்கிறது தெரியும். தெனம் தொடைச்சு வெக்கிறேன். நீ சேரும்போது அதக் கேளு.”

டிராயரில் நாலு மாதம்

ஸ்டெல்லா டீச்சர் சர்ச் பாடகர் குழுவை நடத்துகிறவர். கிறிஸ்துமஸ் பாட்டுக்காக, மைக்குக்கு நான் சொல்லித்தான் நான்கு சார்ஜ் பேட்டரிகள் வாங்கினார். பண்டிகை முடிந்ததும் முழுசாகச் சார்ஜ் ஏற்றி டிராயரில் வைத்துவிட்டார். புனித வெள்ளிக்கு எடுத்து மாட்டினால் மைக் மூச்சே விடவில்லை. மறுநாள் கடைக்கு வந்தார். “நாலு மாசம் தொடவே இல்லைம்மா. எப்படிக் காலியாகும்? என்னை ஏமாத்திட்டீங்களா?”

இல்லை டீச்சர், இந்த வகை சும்மா வைத்திருந்தாலும் இறங்கிவிடும், சாதாரணப் பேட்டரிதான் வருஷக்கணக்கில் காத்திருக்கும், அன்றைக்கே நான் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை என்றேன். நான்கையும் கடைச் சார்ஜரில் போட்டேன். டீச்சர் மார்க்கெட் போய்விட்டு மத்தியானம் வந்தார். டார்ச்சில் மாட்டி அமுக்கினேன். கவுன்டர் கண்ணாடி முழுக்க வெளிச்சம்.

டீச்சர் டார்ச்சை வாங்கி, அணைத்து மறுபடி போட்டுப் பார்த்தார். “அப்போ இது கெட்டுப்போகலை. சும்மா கிடந்ததுதான் இதுக்கு ஒத்துக்கலை.”

மெயில்

அதே வாரம் மெயில் வந்தது. ரொம்ப நாளாகிவிட்டதால் மறுபடி ஒரு தேர்வு, தேறினால் சேரும் தேதி. பழைய நோட்டைப் புரட்டினேன். என் கையெழுத்துதான், ஆனால் பாதி புரியவில்லை. படிக்க வேண்டும், பத்து நாள் மதியத்தோடு கிளம்பட்டுமா என்று குமார் அண்ணாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். “போம்மா. பாஸானா சொல்லு. ஆவலன்னாலும் வந்து சொல்லு, கவுன்டர் எங்க போயிடப் போவுது” என்றார்.

வீட்டில் அம்மாவிடம் மெயிலை வாசித்துக் காட்டினேன். மறுபடி தேர்வு என்றதும் முகம் மாறும் என்று நினைத்தேன். துடைத்த கையைப் புடவையில் மறுபடி துடைத்துக்கொண்டாள். “எழுது. அந்த சீட்டுல இன்னும் யாரும் உக்காரல.”

சார்ஜ் போடுவதோ தூக்கிப் போடுவதோ, நான் விற்கும் எந்தப் பேட்டரிக்கும் ஜன்னலோர ஆசை கிடையாது. அதனால்தான் அவை பெட்டிக்குள் நிம்மதியாகத் தூங்குகின்றன. எனக்கு அந்த ஆசை இருக்கிறது, நோட்டை மறுபடி திறந்தேன்.